எதிரி மறைந்தால் சிரிப்பா, கண்ணீரா? தொரப்பள்ளிக்காரருக்காக அழுத பெரியார்!

ஜவளகிரி–

பெரிய தலைவர் ஒருவர் கண்ணை மூடினால் சென்னையில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கும். ஜவளகிரியில் கடை ஷட்டர் முழுசாக இறங்கும்!

பஸ் வராது. ஓசூர் சிப்காட் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போக வேண்டியவர் சாப்பாட்டு டப்பாவோடு ரோட்டோரம் நிற்பார். அத்திப்பள்ளிப் பக்கம் இருந்து வரும் கர்நாடக பஸ் எல்லையோடு நின்றுவிடும். தக்காளி பறித்து வைத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் மறுநாள் பேப்பரைப் பிரித்தால் படம் வேறு மாதிரி இருக்கும். செத்துப்போனவரை நேற்றுவரை மேடைக்கு மேடை திட்டிய எதிர்க்கட்சித் தலைவர், கையில் மலர் வளையத்தோடு முதல் வரிசையில் நிற்பார்.

"இது நெசமா சார், நடிப்பா?"

தளி வட்டாரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தக் காட்டோர ஊரின் டீக்கடையில் நம்மிடம் ஒருவர் கேட்ட கேள்வி இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஊர். கட்சிகளும் அப்படித்தான். ஒரு பெஞ்சில் நாலு கட்சி!

கேட்டவர் மளிகைக் கடைக்காரர். அவருக்குக் கேள்வியில் ஒரு காரணம் இருந்தது.

"மேலே இருக்கிறவங்க கட்டிப்புடிச்சு அழறாங்க. கீழே இருக்கிறவன்தான் கல்லை எடுக்கிறான். கல்லு வந்து விழறது என் கடை மேலே. அதான் கேக்கிறேன்."

நியாயமான கேள்விதான். பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இதே ஓசூர் மண்ணிலேயே இருக்கிறது.

தொரப்பள்ளி வீடு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. அங்கே ஒரு பழைய வீடு. இப்போது அது அரசு நினைவு இல்லம்.

1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி இந்த ஊரில் பிறந்தவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்கிற ராஜாஜி. தகப்பனார் இந்த ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு. பெங்களூரில் கல்லூரிப் படிப்பு. பிறகு சேலத்தில் வக்கீல் தொழில். அங்கிருந்து டெல்லி வரை போய் நாட்டின் கவர்னர்–ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர்தான். எல்லையோர கிராமத்துப் பிள்ளைக்கு அது சாமான்யமான உயரமா?

சேலத்தில் ராஜாஜி நகரசபைத் தலைவராக இருந்தபோது ஈரோட்டில் நகரசபைத் தலைவராக வந்தவர் ஈ.வெ.ராமசாமி. பின்னாளில் பெரியார். இருவரும் நண்பர்கள். பெரியாரைக் காங்கிரசுக்கு இழுத்து வந்ததே ராஜாஜிதான்.

1925-ம் ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுபடவில்லை. பெரியார் காங்கிரசை உதறினார். அதன் பிறகு இருவருக்கும் இடையே நடந்தது சின்னச் சண்டை அல்ல. அரை நூற்றாண்டுச் சண்டை!

ஜெயில் வரை போன பகை

1938-ம் ஆண்டு. சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழ்நாடு கொதித்தது.

போராட்டத்தில் பெரியார் கைதானார். ராஜாஜி அரசின் கீழ் பெரியாருக்கு ஜெயில்! நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939-ம் ஆண்டு ஜெயில்வாசத்தின்போதே உயிரை விட்டார்கள்.

1952-ல் ராஜாஜி மறுபடியும் முதல்–அமைச்சர். 1953-ல் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். "அப்பன் தொழிலை மகன் செய்யச் சொல்லும் குலக்கல்வி இது" என்று எதிர்ப்பாளர்கள் சீறினார்கள். அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர் பெரியார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்–அமைச்சர் ஆனார்.

கடவுள் விஷயம் தனி. இவர் ராமாயணமும் மகாபாரதமும் எழுதி வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். அவர் கடவுளே இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சம்பவம். 1949-ம் ஆண்டு மே மாதம். கவர்னர்–ஜெனரல் ராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்தார். பெரியார் அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். தமிழ்நாடே கிசுகிசுத்தது. "என்ன சதியோ" என்று தொண்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

சதியும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் திருமண விஷயமாக, சொந்த விவகாரம் பேசத்தான் பெரியார் போனார். மனசு விட்டுப் பேச அவருக்குக் கிடைத்த ஆள், மேடையில் தினமும் திட்டிய அதே ஆள்!

சக்கர நாற்காலியில் வந்தார்

1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி. சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் ராஜாஜி காலமானார். வயது 94.

அப்போது பெரியாருக்கு 93 வயது. நடக்க முடியாது. உடம்பில் நோய். வீட்டில் இருந்தபடியே ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் வந்தார். சக்கர நாற்காலியில் வந்தார். சுடுகாடு வரை வந்தார். திரண்டு நின்ற கூட்டத்தின் கண் முன்னால், வாழ்நாள் எதிரியின் சிதை அருகே, கண்ணீர் விட்டு அழுதார்!

வைதிகச் சடங்குகளை எல்லாம் எதிர்த்தவர் பெரியார். ஆனால் அந்தச் சடங்குகள் நடக்கும் இடத்துக்கே வந்து அழுதார். "என் கொள்கைக்கு இது ஆகாது" என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை.

கொள்கையை விட்டாரா? அதுவும் இல்லை. இந்தி எதிர்ப்பில் ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. குலக்கல்வியைப் பற்றிச் சொன்னதையும் மாற்றவில்லை. சண்டை சண்டையாகவே இருந்தது. கண்ணீர் கண்ணீராகவே வந்தது.

மறு வருடம்…

ராஜாஜி இறந்து ஒரு வருடம் முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. 1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி. வேலூர் ஆஸ்பத்திரியில் பெரியார் மறைந்தார். அவருக்கும் வயது 94!

பெரியாரின் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு எங்கே வைத்தார்கள் தெரியுமா? சென்னை ராஜாஜி மண்டபத்தில்!

மறுநாள் டிசம்பர் 25. ராஜாஜியின் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றுதான் பெரியாரின் இறுதி ஊர்வலம் புறப்பட்டது. வேப்பேரி பெரியார் திடலில் அடக்கம் நடந்தது. எந்த அரசுப் பதவியும் வகிக்காத அவருக்கு முதல்–அமைச்சர் கருணாநிதி அரசு மரியாதை கொடுத்தார்.

அந்த மண்டபத்துக்கும் ஒரு கதை உண்டு. அது நம் எல்லைப்புறத்து ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1799-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் மடிந்தார். நம் ஓசூர்ச் சீமையும் ஒரு காலத்தில் அந்த மைசூர் ஆட்சியின் கீழ் இருந்ததுதான். திப்பு மேல் கண்ட அந்த வெற்றியின் ஞாபகமாக வெள்ளைக்காரக் கம்பெனி கவர்னர் சென்னையில் ஒரு விருந்து மண்டபம் எழுப்பினார். 1802-ல் திறந்தார்கள். எதிரி செத்த சந்தோஷத்தில் விருந்து சாப்பிடக் கட்டிய மண்டபம்!

1948-ல் அதற்குத்தான் ராஜாஜி மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள். எதிரியின் சாவைக் கொண்டாடக் கட்டிய கட்டடம், எதிரிக்கு எதிரி மாலை போடும் இடமாக மாறிப்போனது. அண்ணா, பெரியார், காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எத்தனை பேர் அந்தப் படிக்கட்டில் கடைசியாகப் படுத்திருந்தார்கள்!

தொரப்பள்ளிக்காரர் செய்தது என்ன?

பெரியார் அழுதார், சரி. ராஜாஜி தன் எதிரிகள் மறைந்தபோது என்ன செய்தார்?

இரண்டு சம்பவம் சொல்லலாம்.

1948-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி கராச்சியில் முகமது அலி ஜின்னா இறந்தார். நாடு இரண்டாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயவில்லை. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. டெல்லியில் ஜின்னா பெயரைச் சொன்னாலே பல்லைக் கடிக்கும் காலம்.

அப்போது கவர்னர்–ஜெனரல் ராஜாஜி. அன்று நடக்க இருந்த அரசு வரவேற்பு நிகழ்ச்சியை ஜின்னாவுக்கு மரியாதையாக ரத்து செய்தார்! பெரிய சொற்பொழிவு ஒன்றும் இல்லை. விருந்தை நிறுத்தினார். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நேரு.

1959-ல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். எதற்கு? நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்க்க. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று வியாபாரியைச் சர்க்கார் ஆபீசுக்கு அலையவிடும் ராஜ்யம் இது என்று கேலி செய்தவர் அவர்தான். கடைக்காரர்களுக்கு அந்தக் கேலி இன்றைக்கும் இனிக்கும்.

1964-ம் ஆண்டு மே 27-ந்தேதி நேரு மறைந்தார். ராஜாஜி எழுதிய இரங்கல் சின்னது. நேரு தன்னைவிட 11 வயது இளையவர், நாட்டுக்குத் தன்னைவிடப் பதினோரு மடங்கு முக்கியமானவர், மக்களுக்குத் தன்னைவிட ஆயிரத்து நூறு மடங்கு பிரியமானவர் என்றார்.

அதோடு விடவில்லை. பத்து வருடமாக அவருடைய கொள்கைத் தவறுகளை எதிர்த்துத்தான் போராடினேன் என்பதையும் அதே இரங்கலில் சொன்னார். அந்தத் தவறுகளைத் திருத்தக்கூடிய ஆளும் அவர் ஒருவர்தான், இப்போது அவரும் இல்லையே என்று வருந்தினார்.

இரங்கலில் பொய் இல்லை. சண்டை போட்டதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறவர் தொண்டை அடைக்கிறது. அதுதான் பெரிய மனுஷத்தனம்.

இதே மாதிரி வெளிநாட்டிலும் ஒரு சம்பவம் உண்டு. 1940-ம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் சேம்பர்லின் இறந்தார். ஹிட்லரோடு சமரசம் பேசிய அவரை வருடக்கணக்கில் எதிர்த்தவர் சர்ச்சில். பார்லிமெண்டில் அஞ்சலி செலுத்த எழுந்த சர்ச்சில், அவருடைய நம்பிக்கை பொய்த்துப்போனதை மறைக்கவில்லை. ஆனால் அது சமாதானத்துக்கு ஆசைப்பட்ட நல்ல மனசில் பிறந்த நம்பிக்கை என்றார்.

பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனவர். காந்தியைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி காந்தி சுட்டுக் கொல்லப்பட்டதும், இந்த நாட்டுக்கே காந்தி பெயரை வைக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே!

கிண்டியில் ஒரு இடம்

வார்த்தை ஒரு பக்கம். கையில் அதிகாரம் இருக்கும்போது என்ன செய்கிறார் என்பது இன்னொரு பக்கம்.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி. காந்தி ஜெயந்தி. காமராஜர் மறைந்தார். அப்போது முதல்–அமைச்சர் கருணாநிதி.

காமராஜரின் காங்கிரசை 1967-ல் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த கட்சி தி.மு.க. அந்தத் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் தோற்றார். இருவரும் மேடையில் ஒருவரை ஒருவர் விட்டுவைத்ததே இல்லை.

ஆனால் செய்தி கேட்டதும் கருணாநிதி முன்னின்று இறுதி ஏற்பாடுகளைக் கவனித்தார். கிண்டி காந்தி மண்டபத்தின் அருகே இடம் ஒதுக்கினார். அந்த இடத்தை இரவோடு இரவாகச் சீர்செய்த கதையை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். காமராஜரைக் காங்கிரசில் இருந்து பிரிய வைத்த பிரதமர் இந்திரா காந்தியும் டெல்லியில் இருந்து வந்து அஞ்சலி செலுத்தினார்.

எதிரியின் தலைமாட்டில் நிற்க வந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் அப்போது நெருக்கடி நிலை விஷயத்தில் எதிரும் புதிரும்!

கடப்பாரையும் கண்ணீரும்

எல்லாம் இப்படியே நல்லபடியாக நடந்ததா? இல்லை.

1987-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி விடியற்காலை. முதல்–அமைச்சர் எம்.ஜி.ஆர். காலமானார். பெரியார் மறைந்த அதே டிசம்பர் 24.

எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். 1972-ல் பிரிந்தார்கள். 15 வருடம் தமிழ்நாட்டு அரசியலே அந்தச் சண்டைதான். ஆனால் செய்தி கேட்டதும் கருணாநிதி ராமாவரம் தோட்டத்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார்.

அங்கே தலைவர் அஞ்சலி செலுத்தினார். இங்கே மவுண்ட்ரோட்டில் என்ன நடந்தது?

ஆத்திரக் கூட்டம் ஒன்று கருணாநிதி சிலை மீது ஏறியது. திராவிடர் கழகம் வைத்த சிலை அது. ஒருவர் கடப்பாரையால் சிலையின் நெஞ்சில் குத்தினார். சிலை நொறுங்கியது. நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. கல்வீச்சு, தீவைப்பு.

அந்தப் படத்தைப் பார்த்த கருணாநிதி, முதுகில் குத்தவில்லை, நெஞ்சில்தான் குத்தினான் என்று சொல்லி அதைக் கடந்து போனார். சிலையை மறுபடி வைக்க அவசரப்படவும் இல்லை.

நம் மளிகைக் கடைக்காரர் கேட்டது இதைத்தான். தலைவருக்கும் தலைவருக்கும் நடுவில் இருந்த மரியாதை தொண்டனுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் கடைக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மெரினாவில் ஆறடி

2016-ம் ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி இரவு முதல்–அமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். கருணாநிதி உடல்நிலை சரியில்லாமல் இருந்தார். கருத்து வேறுபாடு ஆயிரம் இருந்தாலும் தன் கட்சிக்காகத் துணிச்சலாகச் செயல்பட்டவர் என்று அறிக்கை விட்டார். மறுநாள் மு.க.ஸ்டாலின் ராஜாஜி மண்டபத்துக்கே போய் அஞ்சலி செலுத்தினார். அன்றைக்குத் தமிழ்நாடு அமைதியாக இருந்தது.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி மாலை. கருணாநிதி மறைந்தார். அவருக்கும் வயது 94!

அண்ணா பக்கத்தில், மெரினாவில் இடம் வேண்டும் என்று தி.மு.க. கேட்டது. அ.தி.மு.க. அரசு மறுத்தது. வழக்குகள் இருக்கின்றன, பதவியில் இருக்கும்போது மறைந்த முதல்–அமைச்சர்களுக்குத்தான் மெரினா, கிண்டியில் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களின் அருகே 2 ஏக்கர் தருகிறோம் என்றது.

மரணத்தில் அரசியல் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் தொண்டர்கள் கொந்தளித்தார்கள். தமிழ்நாடு முழுவதும் நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொண்டது. ஓசூர் பக்கத்திலும் எத்தனை கடைக்காரர்கள் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்கள்?

ஐகோர்ட்டு பொறுப்புத் தலைமை நீதிபதி வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக விசாரணை. காலையிலும் தொடர்ந்தது. மெரினாவில் இடம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ராஜாஜி மண்டபத்தில் தகப்பனார் உடல் அருகே நின்ற ஸ்டாலின், செய்தி கேட்டதும் கைகூப்பித் தேம்பினார்.

அன்று காலையிலேயே முதல்–அமைச்சர் எடப்பாடி பழனிசாமியும் மந்திரிகளும் அதே மண்டபத்துக்கு வந்து அஞ்சலி செலுத்தினார்கள். மாலையில் முழு அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

சட்டப்படி யார் வாதம் சரி என்பதைக் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் டீக்கடை பெஞ்சில் இருந்தவர் சொன்னது வேறு. "கோர்ட்டுக்குப் போகாமலே குடுத்திருந்தா, அந்த மரியாதை குடுத்தவருக்கும் சேர்ந்திருக்கும் சார்."

1975-ல் கேட்காமலே கிடைத்தது. 2018-ல் கோர்ட்டு சொல்லிக் கிடைத்தது. வித்தியாசம் அதுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எல்லை தாண்டியும் பார்த்துவிடலாம்.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி பெங்களூரில் கன்னட எழுத்தாளர் யு.ஆர்.அனந்தமூர்த்தி காலமானார். ஞானபீட விருது வாங்கியவர். மோடி பிரதமராகும் நாட்டில் வாழ விரும்பவில்லை என்று 2013-ல் சொல்லி பெரிய சர்ச்சையில் சிக்கியவர்.

அவர் இறந்த செய்தி வந்ததும் மங்களூரிலும் சிக்கமகளூரிலும் சிலர் பட்டாசு வெடித்தார்கள்! கர்நாடகமே முகம் சுளித்தது.

பிரதமர் மோடி என்ன செய்தார்? கன்னட இலக்கியத்துக்கு இழப்பு என்று சொல்லி இரங்கல் தெரிவித்தார்.

யாரைச் சொன்னாரோ அவர் இரங்கல் சொன்னார். அவருக்காக என்று நினைத்துக்கொண்டவர்கள் பட்டாசு கொளுத்தினார்கள். கடப்பாரைக் கதையும் பட்டாசுக் கதையும் ஒரே கதைதான்.

நெசமா, நடிப்பா?

சரி, கேள்விக்கு வருவோம்.

மலர் வளையத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எல்லாரும் வைக்கிறார்கள். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்ற வாசகமும் எல்லார் அறிக்கையிலும் இருக்கிறது. பார்க்க வேண்டியது வேறு.

ஒன்று, நேரில் போனாரா? 93 வயதில் சக்கர நாற்காலியில் போனது மாதிரி, தனக்குச் சிரமம் என்றாலும் போனாரா?

இரண்டு, சண்டையை மறைக்காமல் பேசினாரா? நேருவைப் பற்றி ராஜாஜி எழுதியது மாதிரி. உயிரோடு இருந்தவரை திட்டிவிட்டு, செத்த பிறகு குறையே இல்லாத மகான் என்று சொன்னால் அதைத்தான் ஜனங்கள் நடிப்பு என்கிறார்கள்.

மூன்று, தன் கையில் இருப்பதைக் கொடுத்தாரா? ஜின்னாவுக்காக நிறுத்திய விருந்து, காமராஜருக்குக் கிண்டியில் இடம். இதெல்லாம் பேச்சு இல்லை, காரியம்.

நான்காவது ஒன்று உண்டு. இதுதான் ஜவளகிரிக்கு முக்கியம். தன் ஆட்களைப் பார்த்து "சும்மா இரு" என்று முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னாரா? அந்த ஒரு வார்த்தையில்தான் ரோட்டில் நிற்கும் பஸ்சின் கண்ணாடியும் நம் கடைக்காரரின் ஷட்டரும் தப்பிக்கும்.

நல்ல அறிகுறியும் இல்லாமல் இல்லை. 2020-ல் எடப்பாடி பழனிசாமியின் தாயார் இறந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் வீடு தேடிப் போய் துக்கம் விசாரித்தார். 2021-ல் ஓ.பன்னீர்செல்வத்தின் மனைவி மறைந்தபோது, முதல்–அமைச்சராக இருந்த ஸ்டாலின் ஆஸ்பத்திரிக்கே போய் ஆறுதல் சொன்னார். 2023-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி விஜயகாந்த் மறைந்தபோது தி.மு.க. அரசு அவருக்கு அரசு மரியாதை கொடுத்தது. சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அவர்.

பரண் மேலே…

பெஞ்சின் மூலையில் ஓர் இளைஞர் விடவில்லை. சிப்காட்டில் வேலை. காதில் ஒரு கட்சித் துண்டைச் சுற்றியிருந்தார்.

"அப்போ இத்தனை நாள் போட்ட சண்டை எல்லாம் சும்மாவா சார்? நாங்க மட்டும் ஏமாளியா?"

பதில் சொன்னது நாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ராகி விவசாயி.

"சும்மா இல்லப்பா. சண்டை நெசந்தான். ஜெயிலுக்குப் போனாங்க, சின்னப் பசங்க செத்தாங்க. அது பொய்யா? ஆனா சண்டை அவரு சொன்ன கொள்கையோட. அவரு பொணத்தோட இல்லே."

டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இப்போ ராகி அறுப்பு. காட்டுல இருந்து யானை இறங்குது. ராத்திரி பரண் மேலே காவலுக்கு நானும் இருக்கேன், எதிர் வீட்டுக்காரனும் இருக்கான். அவன் கட்சி வேற, என் கட்சி வேற. தேர்தல்னா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டோம். யானை வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதானே தகரம் தட்டுறோம்? அவங்க அம்மா செத்தப்போ பாடைக்கு மூங்கில் வெட்டினது நான். அவன் ஓட்டை எனக்குப் போடல. நானும் கேக்கல."

இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. காதில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பது நம் ஜனங்கள் சொல்லும் வழக்கு. கிராமத்தில் இது இன்னும் இருக்கிறது. தொரப்பள்ளியில் பிறந்தவருக்கு ஈரோட்டில் பிறந்தவர் செய்ததும் இதைத்தான்.

ஓசூர் பஸ் வந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் எழுந்து கடையைத் திறக்கப் போனார். போகும்போது திரும்பி ஒன்று சொன்னார்.

"தலைவருங்க அழட்டும் சார். வேண்டாம்னு சொல்லலை. அழறதுக்கு முன்னாடி, அவங்க ஆளுங்ககிட்டே கல்லைக் கீழே போடச் சொல்லட்டும். அது போதும்!"